ஒற்றைத் தலைவலியும் அழகியற் சத்திரசிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனைக் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவுமே எழுதிவந்துள்ளனர். ஒரு சிகிச்சைமுறை எந்தச் சமூகச் சூழலில் உருவாயிற்று, யாருடைய உடலில் அது முதலிற் பரீட்சிக்கப்பட்டது, யாருடைய சொல் சான்றாக ஏற்கப்பட்டது, யாருடைய சொல் தள்ளப்பட்டது என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளில் அருகியே காணப்படுகின்றன. எனினும் இவ்வினாக்களை விடுத்து ஒரு சிகிச்சையின் தகுதியை மதிப்பிடுதல் முழுமையான மதிப்பீடாகாது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அத்தகைய ஒரு சிகிச்சையின் வரலாறாகும். நெற்றிச் சுருக்கத்தைப் போக்குவதற்கெனச் செய்யப்பட்டுவந்த ஓர் அழகியற் சத்திரசிகிச்சை ஒற்றைத் தலைவலியையும் போக்கக்கூடும் என்னும் கருத்து 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முன்வைக்கப்பட்டது. அன்று தொட்டு இக்கருத்து பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையாளருக்கும் நரம்பியல் மருத்துவருக்கும் இடையே தீராத விவாதமாக இருந்துவருகின்றது. ஒரு சாரார் இதனை நிலைநாட்டப்பெற்ற சிகிச்சை என்பர். மறுசாரார் பரிசோதனைக்கு வெளியே இதனைப் பரிந்துரைத்தலே தகாது என்பர். உலகெங்கும் நூறு கோடிக்கு மேற்பட்டோரைப் பீடிக்கும் ஒரு நோயைப் பற்றிய விவாதம் இதுவாதலின், இதனைத் துறைசார் நிபுணர்களின் உட்பூசலாகக் கருதி ஒதுக்கிவிடல் இயலாது.

1. பண்டை மருத்துவத்திற் கத்தியும் நெருப்பும்

தலையின் ஒரு பாதியைப் பற்றி நிற்கும் வலியைத் தனியொரு நோயாகப் பிரித்தறிந்தமை மிகப் பழைமையானது. கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான கலென் இதற்கிட்ட கிரேக்கப் பெயர் ‘பாதி மண்டை’ எனப் பொருள்படும். ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் ‘மைக்ரேன்’ என்னும் சொல் அதனின்றும் திரிந்ததே. வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை இந்நோயை ‘அர்த்தாவபேதகம்’ என்கின்றது. இதுவும் பாதியைப் பிளப்பது என்னும் பொருளிற் பிறந்த பெயரேயாம். தமிழ் மருத்துவ மரபிலும் தலைநோய்கள் ‘சிரரோகம்’ எனத் தனி வகுப்பாகவே ஆராயப்பட்டன. யாழ்ப்பாணத்து வைத்திய நூலான பரராசசேகரத்தில் சிரரோக நிதானம் என ஒரு பகுதியே அமைந்திருத்தல் ஈண்டு நினைக்கத்தக்கது.

இந்நோய்க்கு மருந்து மட்டுமன்றிக் கருவியும் பயன்படுத்தப்பட்டமை நமது கவனத்துக்குரியது. சுசுருத சம்ஹிதையின் சூத்திரத்தானத்தில் நெருப்பினாற் சுடும் முறையைப் பற்றிக் கூறுமிடத்து, தலைநோய்க்குப் புருவம், நெற்றி, பொட்டு ஆகிய இடங்களிற் சுடுக என விதிக்கப்பட்டுள்ளது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கொர்தோவாவில் வாழ்ந்த அரபு மருத்துவரான அல் ஸஹ்ராவி, பொட்டுப் பகுதியிற் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்தலையும், அவ்விடத்துத் தோலைக் கீறி உள்ளே உள்ளிப் பல்லை வைத்துக் கட்டுதலையும், பொட்டிலுள்ள நாடியை அறுத்தலையும் விவரித்தார். 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சத்திரசிகிச்சையாளரான அம்புருவாஸ் பரே, பிரபு ஒருவரின் பொட்டு நாடியை வெட்டி அவரது ஒற்றைத் தலைவலியைத் தணித்ததாகப் பதிவு செய்துள்ளார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டப்படுகின்றது. சுசுருதர் குறித்த புருவமும் நெற்றியும் பொட்டும் இற்றைச் சத்திரசிகிச்சையாளர் கத்தி வைக்கும் இடங்களே எனக் கண்டு, அவர் எல்லாவற்றையும் முன்பே அறிந்திருந்தார் என மகிழ்வோர் உளர். அக்கூற்று வரலாற்று நோக்குக்கு ஒவ்வாது. வலி எங்கே உணரப்படுகின்றதோ அங்கே கை செல்லுதல் இயல்பு. ஆகவே வெவ்வேறு காலத்தவரும் தேயத்தவரும் ஒரே இடத்தைத் தேர்ந்தமை நோயாளர் சுட்டிய இடம் மாறவில்லை என்பதற்கே சான்றாகும். நோயின் காரணம் அறியப்பட்டிருந்தது என்பதற்கு அது சான்றன்று.

2. கொள்கையின் பின்னே சென்ற கத்தி

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த மெய்யியலாளரான ஆன் கொன்வே (1631–1679) இந்நோயின் வரலாற்றில் முக்கியமானவர். அவர் இறந்தபின் 1690இல் இலத்தீன் மொழியில் வெளிவந்த அவரது நூல் லைப்னிற்சின் மதிப்பைப் பெற்றது. இளமை தொட்டே கடுந்தலைவலியால் வருந்திய அவரைப் பரிசோதித்தோரில் குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வியும் ஒருவர். மண்டையோட்டைத் துளையிடலாம் என்னும் யோசனை கூறப்பட்டது. 1656இல் அந்நோக்குடன் அவர் பிரான்சுக்குச் சென்றார். அங்கு மண்டையைத் துளையிட எவரும் முன்வரவில்லை. குருதிக்குழாயைத் திறந்து குருதி வடிக்கப்பட்டது. வலி நீங்கவில்லை. தோமஸ் வில்லிஸ் 1672இல் வெளியிட்ட நூலிற் பெயர் சுட்டாது ஒரு சீமாட்டியின் தலைவலியை விரிவாக வருணித்தார். அச்சீமாட்டி கொன்வேயே எனக் கொள்ளப்படுகின்றது. அக்காலத்தின் தலைசிறந்த மருத்துவ அறிவு அனைத்தும் ஒரு பெண்ணின் தலைமாட்டில் வந்து நின்றும் அவருக்கு உதவவியலாது போயிற்று.

வில்லிஸ் தலைவலியைக் குருதிக்குழாய்களின் விரிவோடு தொடர்புபடுத்தினார். இரு நூற்றாண்டுகளின் பின்னர், 1873இல், எட்வேட் லிவிங் இதனை ‘நரம்புப் புயல்’ என்றார். குருதிக்குழாயா நரம்பா என்னும் இவ்விவாதம் 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. நியூ யோர்க்கில் ஹரோல்ட் வுல்வும் ஜோன் கிரகமும் 1938இல் வெளியிட்ட ஆய்வு, எர்கொட்டமின் என்னும் மருந்தைச் செலுத்தியபோது பொட்டு நாடியின் துடிப்புக் குறைவதையும் அதனோடு வலி தணிவதையும் வரைபடமாகக் காட்டிற்று. அதன்பின் ஒரு தலைமுறைக் காலம் குருதிக்குழாய்க் கொள்கையே கோலோச்சியது.

ஒவ்வொரு கொள்கையும் தனக்குரிய சத்திரசிகிச்சையைத் தோற்றுவித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. போல்ரிமோரில் வோல்ரர் டான்டி 1931இல் கழுத்தடியிலும் மார்பின் மேற்பகுதியிலும் உள்ள பரிவு நரம்புத்திரள்களை அகற்றினார். குருதிக்குழாய்களின் சுருக்க விரிவை ஆளும் நரம்புகள் அவை என்பதே காரணம். கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கார்ட்னர் குழுவினர் 1947இல் மண்டையோட்டினுள் ஓடும் பாறைப்பகுதி நரம்பொன்றை வெட்டி எறிந்தனர். மூளையுறை நாடியைக் கட்டியோரும் உளர். இவற்றுள் ஒவ்வொன்றும் முதலில் நற்பயன் தந்ததாகவே அறிவிக்கப்பட்டது. பின்னர் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டது.

கொள்கையும் நிலைக்கவில்லை. 1944இல் பிரேசில் நாட்டவரான அரிஸ்ரிடிஸ் லெயாவோ, மூளைப் புறணியில் மின்செயற்பாடு ஒடுங்கி அவ்வொடுக்கம் அலையாகப் பரவும் தோற்றப்பாட்டை முயல்களிற் கண்டறிந்தார். வலிக்கு முன் சில நோயாளர் காணும் ஒளிக்கோலங்களுக்கு அதுவே விளக்கமாயிற்று. 1990இல் பீட்டர் கோட்ஸ்பியும் லாஸ் எட்வின்சனும் வலி வேளையிற் கழுத்து நாளக் குருதியில் ஒருவகைப் பெப்ரைட்டின் அளவு உயர்வதைக் காட்டினர். அப்பெப்ரைட்டைத் தடுக்கும் மருந்துகள் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2013இல் டென்மார்க்கு ஆய்வாளர் காந்தப் படமெடுப்பின் மூலம், வலி வேளையில் மண்டைக்கு வெளியேயுள்ள நாடிகள் குறிப்பிடத்தக்க அளவு விரிவதில்லை எனக் கண்டனர். இவ்வாறு நோயின் இருப்பிடம் பொட்டு நாடியினின்றும் நீங்கி, மூளையையும் மூளையுறையையும் முக்கிளை நரம்பையும் இணைக்கும் வலைப்பின்னலுக்கு இடம்பெயர்ந்தது. நோய் மண்டைக்குள்ளே உள்ளது என்னும் முடிவு உறுதிப்பட்டுவந்த அதே காலத்திலேதான், மண்டைக்கு வெளியே கத்தி வைத்து இதனை மாற்றலாம் என்னும் குரல் எழுந்தது. விவாதத்தின் கூர்மைக்கு இதுவே அடிப்படைக் காரணம்.

3. அழகு நாடியோர் கூறிய செய்தி

பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை பிறந்தது அழகுக்காக அன்று. சுசுருத சம்ஹிதை கூறும் மூக்குச் சீரமைப்பு, தண்டனையாலும் போராலும் மூக்கிழந்தோர்க்குரியது. முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த படைவீரருக்காக ஹரோல்ட் கில்லிஸ் இங்கிலாந்தின் சிட்கப் என்னுமிடத்திற் செய்த பணியே நவீன பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக்கு அடித்தளமாயிற்று. போர் ஓய்ந்தபின் அத்திறன் சந்தையை நாடிற்று. சிதைந்த முகத்தைச் சீர்செய்த கை, முதுமையடையும் முகத்தைச் சீர்செய்யத் தொடங்கியது. இளமைத் தோற்றமே தகுதி எனக் கருதும் ஒரு சமுதாயத்தில், குறிப்பாகப் பெண்களின் முகத்தை விலைமதிப்புள்ள பண்டமாக்கிய ஒரு பொருளாதாரத்தில், நெற்றிக் கோடும் ஒரு நோயாயிற்று.

அந்நெற்றிக் கோட்டை நீக்க இரு வழிகள் தோன்றின. ஒன்று நஞ்சு, மற்றது கத்தி.

நஞ்சின் கதை ஜேர்மனியில் தொடங்குகின்றது. கெட்டுப்போன இறைச்சிக் குழலப்பத்தை உண்டோர் தசை செயலிழந்து இறந்தமையை யுஸ்ரினுஸ் கேர்னர் 1820–1822 காலப்பகுதியில் ஆராய்ந்தார். 1890களின் நடுப்பகுதியில் பெல்ஜியத்தின் வான் எர்மென்கெம் அதற்குக் காரணமான பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். அப்பற்றீரியா சுரக்கும் பொட்டுலினம் நஞ்சை மிகச் சிறிய அளவிற் செலுத்தி மாறுகண்ணைத் திருத்தலாம் என சான் பிரான்சிஸ்கோவின் அலன் ஸ்கொட் காட்டினார். 1989இல் அதற்கு அனுமதி கிடைத்தது. கண்ணிமைத் துடிப்புக்காக இதனைப் பெற்ற நோயாளரின் நெற்றிச் சுருக்கம் மறைவதைக் கனடாவின் வன்கூவரில் கறூதர்ஸ் தம்பதியர் கண்டு 1992இல் வெளியிட்டனர். அதே 1992இல், கலிபோர்னியாவில் முகவழகுச் சிகிச்சை புரிந்த வில்லியம் பைன்டர், சுருக்கத்துக்காக இந்நஞ்சைப் பெற்றோர் சிலர் தமது தலைவலியும் குறைந்ததாகக் கூறுவதைக் கவனித்தார்.

கத்தியின் கதையும் இதனையொத்ததே. புருவங்களுக்கு இடையே செங்குத்துக் கோடுகளை விழச்செய்வது புருவம் நெரிக்கும் தசையாகும். நெற்றியை உயர்த்தும் அழகியற் சத்திரசிகிச்சையில் இத்தசை அகற்றப்படுவது வழக்கம். ஒகாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் இத்துறையிற் பணியாற்றிய பஹ்மன் குயுறொனிடம், சிகிச்சை பெற்ற சிலர் தமது ஒற்றைத் தலைவலி நின்றுவிட்டதாகக் கூறினர். அவர் அதனைத் தற்செயலென ஒதுக்காது, அத்தசை அகற்றப்பட்ட 314 பேருக்கு வினாக்கொத்து அனுப்பினார். 249 பேர் விடை அனுப்பினர். அவர்களுள் 39 பேருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் ஒற்றைத் தலைவலி இருந்தது. அவர்களில் 31 பேர், அஃதாவது 79.5 சதவீதத்தினர், தலைவலி முற்றாக நீங்கிற்று அல்லது குறைந்தது என்றனர். இம்முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது.

முந்திய சத்திரசிகிச்சைகளினின்றும் இது ஒரு வகையில் அடிப்படையாக வேறுபடுகின்றது. டான்டியும் கார்ட்னரும் கொள்கையினின்றும் கத்திக்குச் சென்றனர். இங்கோ கத்தி முந்திற்று, கொள்கை பிந்திற்று. குயுறொன் முன்வைத்த விளக்கம் இதுவாகும்: முக்கிளை நரம்பின் நுனிக்கிளைகள் புருவத்தசையினூடாக வெளிவருமிடத்து அழுத்தப்படுகின்றன, அவ்வழுத்தம் உள்ளேயுள்ள வலிப்பின்னலைத் தூண்டுகின்றது. பொட்டுப் பகுதியில் ஒரு கிளையும், பிடரியில் தடித்த கழுத்துத் தசையினூடே செல்லும் பெருநரம்பும், மூக்கின் நடுச்சுவர் கோணியிருப்பின் அதன் உட்புறமும் ஏனைய தூண்டலிடங்கள் எனப்பட்டன. வெளியே உள்ள நரம்பு உள்ளே உள்ள நோயை எவ்வாறு தூண்டும் என நரம்பியலார் வினவினர். 2009இல் பொஸ்ரனில் றமி பேர்ஸ்ரைன் குழுவினர், எலிகளில் உணர்நரம்பு இழைகள் மண்டையோட்டு என்பினையும் அதன் பொருத்துகளையும் ஊடுருவி மூளையுறையை வெளிப்புறத்தோடு இணைக்கின்றன எனக் காட்டியமை, இவ்வினாவுக்கு ஓரளவு விடையாயிற்று. ஆயினும் ஒரு வழி உள்ளது என்பது வேறு. அவ்வழியேதான் நோய் வருகின்றது என்பது வேறு.

4. எண்கள் கூறுவன

2005இல் அதே குழுவினர் 125 பேரைக் கொண்ட ஆய்வொன்றை வெளியிட்டனர். 100 பேர் சிகிச்சைக் குழுவிலும் 25 பேர் கட்டுப்பாட்டுக் குழுவிலும் அமைந்தனர். பொட்டுலினம் நஞ்சைச் செலுத்தித் தூண்டலிடம் எதுவென அறிந்தபின் அவ்விடத்திற் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. ஆய்வை நிறைவு செய்த 89 பேரில் 82 பேருக்கு வலி பாதிக்கு மேற் குறைந்தது. 31 பேருக்கு முற்றாக நின்றது. கட்டுப்பாட்டுக் குழுவில் எஞ்சிய 19 பேரில் மூவருக்கே அத்தகைய குறைவு ஏற்பட்டது. எனினும் கத்தி பட்டோரையும் படாதோரையும் ஒப்பிட்ட இவ்வாய்வு, கத்தி பட்டதனாலேயே ஏற்படும் நம்பிக்கையின் விளைவைப் பிரித்தறிய உதவவில்லை.

அதற்கென 2009இல் வெளிவந்த ஆய்வே இவ்வரலாற்றின் மையமாகும். 75 நோயாளர் எழுமாறாக இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 49 பேருக்கு மெய்ச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. 26 பேருக்குத் தோல் கீறப்பட்டு, தசையும் நரம்பும் வெளிப்படுத்தப்பட்டு, ஆனால் எதுவும் அகற்றப்படாது காயம் தைக்கப்பட்டது. தமக்கு நிகழ்ந்தது எது என நோயாளருக்குக் கூறப்படவில்லை. ஓராண்டின் பின் மெய்ச்சிகிச்சை பெற்றோரில் 83.7 சதவீதத்தினருக்கு வலி பாதிக்கு மேற் குறைந்திருந்தது, 57.1 சதவீதத்தினருக்கு முற்றாக நின்றிருந்தது. போலிச்சிகிச்சை பெற்றோரில் 57.7 சதவீதத்தினருக்கு வலி பாதிக்கு மேற் குறைந்திருந்தது, 3.8 சதவீதத்தினருக்கு முற்றாக நின்றிருந்தது.

இவ்வெண்கள் இரு திசையிற் பேசுகின்றன. எதுவும் அகற்றப்படாத 26 பேரில் 15 பேர் பெரிதும் நலமடைந்தனர் என்பதனால், கட்டுப்பாட்டுக் குழுவின்றி வெளியிடப்படும் எண்பது, தொண்ணூறு சதவீத வெற்றிகளைக் கொண்டு இச்சிகிச்சையை மதிப்பிட முடியாது என்பது தெளிவு. 2000ஆம் ஆண்டின் 79.5 சதவீதமும் இதற்கு விலக்கன்று. மறுபுறத்தில், வலி முற்றாக நிற்றல் என்னும் கடுமையான அளவுகோலை எடுத்துக்கொண்டால், 49 பேரில் 28 பேருக்கும் 26 பேரில் ஒருவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு நம்பிக்கையினால் மட்டும் விளைந்ததெனக் கூறிவிட முடியாது.

விமர்சகர் இங்கேதான் தமது ஐயத்தை எழுப்பினர். புருவம் நெரிக்கும் தசையை இழந்தவர் கண்ணாடியின் முன் நின்று புருவத்தை நெரித்துப் பார்ப்பின் உண்மையை அறிந்துகொள்வார். பொட்டிற் சிகிச்சை பெற்றோர் பலருக்கு அவ்விடம் சற்றுக் குழிந்தது. ஆகவே மறைப்பு முழுமையானதன்று என்பது அவ்வையங்களுள் வலுவானது. வலிநாட்களைப் பதிவு செய்த முறையும், நோயாளர் உட்கொண்டுவந்த மருந்துகள் பற்றிய விவரங்களும் போதியனவல்ல என்பது இன்னொன்று. 2011இல் வெளிவந்த ஐந்தாண்டு முடிவு, 69 பேரில் 29 சதவீதத்தினருக்கு வலி முற்றாக நீங்கியதாகவும் 59 சதவீதத்தினருக்குக் கணிசமாகக் குறைந்ததாகவும் கூறிற்று. ஆயினும் அதில் ஒப்பிடுதற்குரிய குழு இல்லை.

5. சத்திரசிகிச்சை வரலாறு தரும் பாடங்கள்

நரம்பியலாரின் எச்சரிக்கையை வெறும் தொழிற்பொறாமை எனக் கொள்வது தவறு. அதற்குப் பின்னால் கசப்பான வரலாறு உண்டு. 1950களில் நெஞ்சுவலிக்கு மார்பக நாடியைக் கட்டும் முறை பரவலாயிற்று. பெருந்தொகையானோர் நலமடைந்ததாகக் கூறினர். 1959இல் லெனார்ட் கொப் குழுவினர் 17 நோயாளரைக் கொண்டு, சிலருக்கு நாடியைக் கட்டியும் ஏனையோருக்குத் தோலை மட்டும் கீறியும் சோதித்தனர். இரு சாராரும் ஒருபடித்தாகவே நலமடைந்தனர். அச்சத்திரசிகிச்சை விரைவில் மறைந்தது.

ஒற்றைத் தலைவலிக்கு இன்னும் அண்மையான படிப்பினையும் உண்டு. இதய மேலறைகளுக்கு இடையேயுள்ள துவாரத்தை அடைக்கப்பெற்ற நீர்மூழ்கிகள் சிலரின் தலைவலி நின்றதைப் பிரித்தானியாவின் பீட்டர் வில்ம்ஸ்ஹேர்ஸ்ட் கண்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். குயுறொனின் அவதானத்தைப் போலவே இதுவும் வேறொரு நோக்கிற் செய்யப்பட்ட சிகிச்சையின் எதிர்பாரா விளைவாகும். ஆனால் 147 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2008இல் வெளியான போலிச்சிகிச்சை ஒப்பீட்டில், துவாரம் அடைக்கப்பட்ட 74 பேரில் மூவருக்கும், அடைக்கப்படாத 73 பேரில் மூவருக்கும் வலி நின்றது. ஆய்வில் தாமும் பங்குகொண்ட வில்ம்ஸ்ஹேர்ஸ்ட் அதன் நடைமுறை பற்றிப் பகிரங்கமாக ஐயம் தெரிவித்தபோது, அடைப்பானைத் தயாரித்த நிறுவனம் அவர்மீது அவதூறு வழக்குத் தொடர்ந்தது. 2011இல் நிறுவனம் மூடப்பட்டதோடு வழக்கும் முடிவுற்றது. இங்கிலாந்தின் அவதூறுச் சட்டம் 2013இல் திருத்தப்பட வழிவகுத்த இயக்கத்தில் இவ்வழக்கும் எடுத்துக்காட்டாயிற்று. ஆய்வின் முடிவும் முதலீட்டின் நலனும் முரண்படுமிடத்து உண்மை பேசுவோன் எதனை எதிர்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை இது உணர்த்துகின்றது.

இப்பின்னணியிலேயே அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2013இல், தூண்டலிடச் சத்திரசிகிச்சையை மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே பரிந்துரைக்க வேண்டாமென அறிவுறுத்தியது. 2018இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையாளர் சங்கம் இதற்கு நேரெதிராக, வேறு சிகிச்சைக்கு இணங்காத நோயாளருக்கு இதனை ஏற்புடைய முறையென அறிவித்தது. ஒரே சான்றுகளைக் கண்ட இரு சங்கங்கள் இரு முடிபுகளுக்கு வந்தமை சான்றுகளின் போதாமையையும், ஒவ்வொரு துறையும் தனக்குப் பழகிய கருவியினூடாகவே நோயைக் காண்கின்றது என்பதையும் ஒருங்கே புலப்படுத்துகின்றது.

6. நோயாளர் யார்? சோதனைக்குப் பணம் தருவோர் யார்?

ஒற்றைத் தலைவலி ஆண்களைவிடப் பெண்களிடத்தே இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாகக் காணப்படுவது. இந்நோய் நெடுங்காலம் உடல்நோயாகவன்றிக் குணக்கேடாகவே நோக்கப்பட்டமைக்கும் இதற்கும் தொடர்புண்டு. குருதிக்குழாய்க் கொள்கையை நிறுவிய வுல்வே 1937இல் ஒற்றைத் தலைவலிக்காரரின் ஆளுமை பற்றி எழுதி, அளவிறந்த ஒழுங்கும் பேராவலும் உடையோரை இந்நோய் பற்றும் என்றார். வலியைக் கூறும் பெண்ணிடம் அவளது மனத்தைத் திருத்திக்கொள்ளும்படி கூறுவது மருத்துவ ஆலோசனையாக இருந்த காலம் அது.

இந்நிலையில் அழகியற் சிகிச்சை நிலையத்தில் நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. அங்கே வந்த பெண் வாடிக்கையாளர். அவளது திருப்தியே தொழிலின் மூலதனம். எனவே அவள் தானாகக் கூறிய சொல் செவிமடுக்கப்பட்டது. நெற்றிக்கோட்டை நோயாக்கிய அதே சந்தை, தலைவலி பற்றிய பெண்ணின் சாட்சியத்துக்குச் செவிகொடுத்தமை ஒரு வரலாற்று முரணாகும். ஆனால் அச்செவியின் எல்லையையும் நாம் காணவேண்டும். முதல் வினாக்கொத்தை நிரப்பியோர் யாவரும் தமது நெற்றியை உயர்த்தப் பணம் செலுத்த வல்லவர்கள். அத்தகைய வசதி அற்றோரின் தலைவலி அக்கணக்கில் இடம்பெறவில்லை. மேலும், பணம் கொடுத்துக் கத்திக்கு உடன்பட்டவர் பயனை எதிர்பார்ப்பதும் பயன் கண்டதாக உணர்வதும் இயல்பே.

இன்னொரு வேறுபாட்டையும் ஒப்பிட்டுக் காணலாம். பைன்டர் கண்ட நஞ்சும் குயுறொன் கண்ட கத்தியும் ஒரே வகை நிலையத்தில், ஏறக்குறைய ஒரே காலத்திற் பிறந்தவை. நஞ்சு ஒரு மருந்து. அதற்கு அரசின் அனுமதி தேவை. எனவே 1384 நோயாளரைக் கொண்ட இரு பெரும் பரிசோதனைகள் நடத்தப்பட்டு, மாதத்தில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட நாட்கள் தலைவலியுடையோருக்கு மட்டும் 2010இல் அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது. அப்பரிசோதனைகளில் நஞ்சு பெற்றோரின் மாதத் தலைவலி நாட்கள் 8.4ஆலும் போலிமருந்து பெற்றோரின் நாட்கள் 6.6ஆலும் குறைந்தன. பயன் உண்டு, ஆனால் அது விளம்பரம் கூறும் அளவினதன்று என்பதைப் பெருந்தொகையான எண்களே காட்டின. சத்திரசிகிச்சைக்கோ அத்தகைய அரச அனுமதி தேவையில்லை. அதனைக் காப்புரிமை பெற்று விற்கும் நிறுவனமும் இல்லை. ஆகவே பெரும் பரிசோதனைக்குச் சட்டத்தின் கட்டாயமும் இல்லை, முதலீட்டாளரின் பணமும் இல்லை. 1384க்கு எதிரே 75 என்னும் தொகை நிற்பதற்கு அறிவியற் காரணம் எதுவுமில்லை. மருத்துவ அறிவை ஆக்கும் பொருளாதார அமைப்பே காரணம்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிபுகள் பெறப்படும்.

முதலாவது, இச்சிகிச்சை அழகு வணிகத்திற் பிறந்தது என்பதற்காக இதனைத் தள்ளிவிடுவது நியாயமன்று. ஓர் அவதானத்தின் பிறப்பிடம் அதன் மெய்ம்மைக்கு எதிரான சான்றாகாது. மாறுகண் மருந்து சுருக்க மருந்தாகிப் பின் தலைவலி மருந்தாயிற்று என்னும் வரலாறும் அதனையே காட்டுகின்றது.

இரண்டாவது, நலமடைந்தோரின் நன்றிச் சொற்களை மட்டும் கொண்டு இதனை ஏற்பதும் நியாயமன்று. கைவிடப்பட்ட ஒவ்வொரு சத்திரசிகிச்சைக்கும் அத்தகைய நன்றிச் சொற்கள் இருந்தன. அகற்றப்பட்ட தசையையும் வெட்டப்பட்ட நரம்பையும் மீளப் பொருத்தவியலாது என்பதனால், மருந்துக்கு வேண்டப்படும் சான்றினும் குறைந்த சான்று கத்திக்குப் போதும் எனல் எவ்வகையாலும் பொருந்தாது. 2018இன் பின்னர் புதிய தடுப்பு மருந்துகள் கிடைக்கப்பெறும் நாடுகளில், அவற்றுக்கும் இணங்காத நோயாளர் யார் என்னும் வினா முதலில் விடை காணப்பட வேண்டியதாகும்.

மூன்றாவது, இவ்விவாதத்தைத் தீர்க்கவல்ல கருவி ஏற்கெனவே நம் கையில் உள்ளது. 2009இன் ஆய்வு, அதன் குறைகளோடும், போலிச் சத்திரசிகிச்சையோடு ஒப்பிடல் இயலும் என நிறுவியது. இதனைப் பல நிலையங்களில், சிகிச்சையைப் புரியாத நரம்பியலாரே நோயாளரைத் தேர்ந்து முடிவை அளக்க, பொதுப் பணத்தைக் கொண்டு விரிவாக நடத்துதல் வேண்டும். எந்த நிறுவனத்துக்கும் இலாபம் தராத அத்தகைய பரிசோதனையை அரசுகளும் பல்கலைக்கழகங்களும் ஏற்காவிடின், இச்சிகிச்சை பணமுடையோர் நம்பிக்கையின் பேரில் வாங்கும் பண்டமாகவும், பணமற்றோர் கேள்விப்படும் செய்தியாகவுமே தொடரும். மெய்யாகவே இதனாற் பயன்பெறக்கூடிய நோயாளர் சிலர் உளராயின் அவர்களை இனங்காண்பதும், பயன்பெறாதோரைத் தேவையற்ற கத்தியினின்றும் காப்பதும் அப்பரிசோதனை ஒன்றினாலேயே இயலும்.